அறுந்த இணைப்பும் பழைய படியும்

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் நின்றது. மீண்டும் தொடங்கியது பிற்பகல் 3.45க்குத்தான். முதன்மைத் தரவு மையத்தையும் அருகிலுள்ள துணை மையத்தையும் பிணைத்திருந்த தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்தன என்றும், சாலையோரத் தோண்டல் பணிகளே அதற்குக் காரணம் என்றும் சந்தை நிர்வாகம் பின்னர் விளக்கியது. இணைப்பு போனாலும் முதன்மைச் சேமிப்பகம் தனித்து இயங்கியிருக்க வேண்டும். ஆனால் அதுவும் கணினிகளுக்கு எட்டாமற்போக, இடர் மேலாண்மை அமைப்பு முடங்கியது.

இந்த இரட்டைச் சேமிப்பு முறையின் வேர் மெயின்பிரேம் உலகில் இருக்கிறது. 1994இல் இஎம்சி நிறுவனமும் அதையொட்டிய ஆண்டுகளில் ஐபிஎம்மும், ஓர் ஊரின் வட்டில் எழுதுவதை வேறோர் ஊரின் வட்டிலும் எழுதும் வசதியைக் கொண்டுவந்தன. உடனொத்த முறையில், தொலைவட்டு 'பெற்றேன்' என்று சொல்லும் வரை எழுதும் பணி காத்திருக்கும். ஆகவே இங்கே தூரம் என்பது காலம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. வித்துராவிலிருந்து திருவனந்தபுரம் நகருக்குச் சுமார் 40 கி.மீ.; போய்வர அரை மில்லிநொடியும் ஆகாது. மும்பையிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டிலேயே 1,000 கி.மீ.க்கு மேல், ஒவ்வோர் எழுத்துக்கும் 10 மில்லிநொடி காக்க வேண்டும். அதனாலேயே சந்தைக்கு இழப்பின்றி நகலெடுக்க அருகில் ஒரு மையமும், பெரும் பேரிடரைத் தாங்கச் சென்னையில் ஒரு மையமும் தேவைப்பட்டன.

இணைப்பு அறுந்தால் வழி இரண்டு: எழுதுவதையே நிறுத்துவது, அல்லது தனியே தொடர்வது. தொடர்ந்தால், எந்தெந்தத் தடங்கள் மாறின என்பதைச் சேமிப்பகம் ஒரு பிட் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். இணைப்பு மீண்டதும் முழு வட்டையும் அனுப்ப வேண்டியதில்லை. குறித்த தடங்களை மட்டும் அனுப்பினால் போதும்.

உண்மையான ஆபத்து தொடங்குவது அப்போதுதான். தடங்கள் எழுதப்பட்ட வரிசையில் செல்வதில்லை. ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்த தடம் முன்னே போய்ச் சேரலாம். அது வரவான தடம் பின்தங்கலாம். ஒத்திசைவு முடியும் வரை தொலைநகல் நேற்றைய நிலையிலும் இல்லை, இன்றைய நிலையிலும் இல்லை. அந்த இடைவெளியில் முதன்மை வட்டு பழுதானால், கையிலிருப்பது எதற்கும் உதவாத கலவை. இதை உணர்ந்த மெயின்பிரேம் மரபு ஒரு விதியை வகுத்தது: மறு ஒத்திசைவைத் தொடங்குமுன், தொலைவட்டின் பழைய, முரணற்ற நிலையைத் தனியே ஒரு படியெடுத்து வை. சில மணி நேரம் பழையதாயினும் உள்முரணற்ற தரவிலிருந்து மீண்டெழ முடியும்.

ஏடு பெயர்த்தெழுதியவர்களும் இதை அறிந்திருந்தனர். புதிய படி முற்றுப்பெற்ற பின்னரே பழைய சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர்.

அடுத்த மாதமே செபி விதிகளை இறுக்கியது: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் பணியை மீட்க வேண்டும். தேவையான விதிதான். ஆனால் மாற்று மையத்துக்கு விரைந்து செல்வது பாதி வேலையே. மூல மையத்துக்குத் திரும்பும் வழியும் ஒத்திசைவின் ஊடாகவே செல்கிறது. அங்கே அவசரம் காட்டி, பழைய படியை எடுத்து வைக்காமல் விடுபவர், தப்பிய தரவை இரண்டாம் முறை பணயம் வைக்கிறார்.