எழுத்தர் கற்க வேண்டிய எழுத்து

தட்டச்சுப் பொறி ஆண்ட காலத்தில் காகிதத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த எழுத்து சரியான எழுத்து. கணினியில் அந்த நம்பிக்கை செல்லாது. திரையில் தெரிவது உருவம். பதிவாவது அதற்குரிய குறியீடு. வருங்கால அரசு ஊழியரின் கணினித் திறனுக்கு இதுவே அரிச்சுவடி என்பேன்.

ஔவை என்றொரு மூதாட்டி முதியோர் உதவித்தொகை விவரம் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் திரையில் ஏறத்தாழ அதே தோற்றம்தான், அச்செடுத்தாலும் வேறுபாடு எளிதில் தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு பெயர்கள். ‘பதிவு இல்லை’ என்று திரை சொல்ல, பாட்டி படியிறங்குகிறார். பெயருக்கு முன்னும் பின்னும் இடம் மாறும் தலைப்பெழுத்தும் இதே வேலையைச் செய்யும்.

தமிழ்க் கணிமை இதற்கு வழி செய்யாமலில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் ‘ஔ’வுக்குத் தனி விசையே உண்டு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் பெரும்பாலும் எழுத்துருவுக்கொரு குறியீடு. ஓர் அலுவலகத்துக் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத அலுவலகத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தரம் வந்துவிட்டது. ஆனால் தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல் அரசாணையைப் படித்து மாறுவதில்லை. அதைப் பயிற்சிதான் மாற்ற வேண்டும்.

2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம், அவரவர் பார்க்கும் பணிக்கேற்ற பயிற்சியை இணையவழியே தர முனைகிறது. நம் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. அங்கே ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம்: ஒரே பெயரை மூன்று விதமாக உள்ளிடச் செய்து, பிறகு தேடச் சொல்ல வேண்டும். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பது அடுத்த மென்பொருள் வந்ததும் பழசாகிவிடும்; இந்தப் பாடம் பழசாகாது.

சுத்தநகலை வரைவோடு ஒப்புநோக்கிய பின்பே கையொப்பத்துக்கு வைப்பது நம் அலுவலகங்களின் பழைய ஒழுங்கு. ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பார். அந்த ஒழுங்கைத் திரைக்கும் கொண்டுவரலாம்: உள்ளிட்ட பெயரை, மனுதாரர் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசைக்காரர் புதிதாகத் தட்டித் தேடட்டும். கிடைத்த பிறகு கோப்பை மூடலாம்.