தேவதேவியின் வேடமும் அரங்கனின் வேடமும்: விப்பிரநாராயணர் கதை வளர்ந்த வரலாறு

திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து மாலை கட்டி வாழ்ந்த விப்பிரநாராயணர், தேவதேவி என்னும் கணிகையிடம் மனத்தைப் பறிகொடுத்த கதை, தமிழிலும் தெலுங்கிலும் ஏடாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் உருவெடுத்தது. இதில் மாறுவேடம் பூணுபவர் இருவர். முதலில் கணிகை, அடுத்து கடவுள். எந்த வேடத்துக்கு எடை கூடுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

விப்பிரநாராயணரே பின்னாளில் தொண்டரடிப்பொடியாழ்வார் எனப்பட்டவர். கும்பகோணத்தை அடுத்த திருமண்டங்குடியில் பிறந்தவர். காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பர். அவர் பாடியவை 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையும் 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும். திருமாலையில் அவர் தம்மைக் கடுமையாகப் பழித்துக்கொள்கிறார். சூதிலும் களவிலும் இறங்கித் தீயோரோடு திரிந்ததாகவும், பெண்களின் கண்வலையில் வீழ்ந்ததாகவும், அங்கிருந்து திருவரங்கத்துத் திருமாலாகிய அரங்கன் மீட்டதாகவும் சொல்கிறார். தேவதேவி என்ற பெயரோ, பொன்வட்டிலோ, அரசன் விசாரணையோ அங்கே இல்லை. இப்படித் தன்னையே பழித்துக்கொள்வது பக்திப் பாடல்களில் பரவலாகக் காணப்படுவது. அதை மட்டும் கொண்டு வாழ்க்கை வரலாறு எழுத முடியாது. ஆனால் வைணவ உரைமரபு அதை வாழ்க்கை வரலாறாகவே எடுத்துக்கொண்டது. கதை பிறந்தது அப்படித்தான்.

அக்கதை முழு உருவில் கிடைக்கும் முக்கிய நூல், 13ஆம் நூற்றாண்டில் பின்பழகிய பெருமாள் ஜீயர் மணிப்பிரவாள நடையில் எழுதிய ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம். தேவதேவியின் ஊர் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருக்கரம்பனூர், அதாவது இன்றைய உத்தமர்கோயில். சோழன் இருந்ததோ காவிரியின் தென்கரை உறையூரில். அரசவைக்குப் போய் வரும் கணிகை, இரண்டு ஆற்றுக்கும் நடுவிலுள்ள அரங்கத்தீவைக் கடந்தே வீடு திரும்ப வேண்டும். வழியில் நந்தவன நிழலில் அவள் தங்குகிறாள். பூச்செடிக்குத் தண்ணீர் விடுபவரோ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவரை மயக்கிக் காட்டுவதாகத் தமக்கையோடு பந்தயம் கட்டுகிறாள். கதைக்கு வேண்டிய சந்திப்பை ஊர் அமைப்பே ஏற்பாடு செய்து கொடுத்துவிடுகிறது.

தேவதேவி நகைகளைக் கழற்றி எளிய சேலை உடுத்து, கதியற்றவளாக வந்து நிற்கிறாள். நந்தவனத்தில் பணி செய்ய அனுமதி பெற்று, அவசரப்படாமல் காத்திருக்கிறாள். ஒருநாள் பெருமழையில் வெளியே நனைந்து நின்றவளை அவர் இரங்கிக் குடிலுக்குள் அழைத்ததோடு அவள் எண்ணம் ஈடேறுகிறது. பிறகு அவர் அவள் வீட்டுக்கே போய்விடுகிறார். கைப்பொருள் தீர்ந்ததும் அவள் தாய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். திண்ணையில் கிடந்தவர் பொருட்டு அரங்கன் ஏவலாள் வேடத்தில் வந்து கதவைத் தட்டுகிறான். தான் அழகியமணவாளன், விப்பிரநாராயணர் கொடுத்தனுப்பியது இது என்று கோயில் பொன்வட்டிலை நீட்டுகிறான். தன் பெயரை மறைக்காமலே சொல்லியும் அடையாளம் தெரியாமல் போவதுதான் இங்கே நகைச்சுவை. மறுநாள் வட்டிலைக் காணோம் என்று கோயிலில் பரபரப்பு. திருட்டுப் பழி விப்பிரநாராயணர் தலையில் விழுகிறது. அரங்கன் அரசன் கனவில் தோன்றி உண்மையைச் சொன்ன பிறகே விடுதலை. குருபரம்பரை ஆசிரியருக்கு முக்கியம் இந்த இரண்டாம் வேடமே. அடியவனுக்காகக் கடவுள் கணிகை வீட்டுக்குத் தூது போனான் என்பதை நிறுவவே முதல் வேடம் அவருக்குத் தேவைப்பட்டது.

நாயக்கர் காலத்தில் நிலைமை மாறுகிறது. ஆழ்வாரைத் திருமாலின் வனமாலையாகிய வைஜயந்தியின் அம்சமாகக் கொள்ளும் மரபையொட்டி, சாரங்கு தம்மய்யா தெலுங்கில் வைஜயந்தீ விலாசம் பாடினார். காவியத்தின் கவனம் சிருங்காரத்துக்குத் திரும்பியது. தஞ்சையை 1633 முதல் 1673 வரை ஆண்ட விஜயராகவ நாயக்கர் இந்தக் கதையையே யட்சகான நாடகமாக எழுதினார். அவருடைய அவையில் கணிகையர் ஆடிப் பாடியதோடு நில்லாமல் நூலும் இயற்றினர். மன்னாருதாச விலாசம் எழுதிய ரங்காஜம்மா அவர்களில் ஒருவர். அத்தகைய அவையில் தேவதேவியின் தந்திரம், பார்ப்பவர்களுக்குப் பழகிய தொழிலின் திறமையாகவே பட்டிருக்க வேண்டும். குருபரம்பரையில் விரைவாகக் கடந்து போகும் மழைக்காட்சி மேடைக்கு வரும்போது நடிப்பின் உச்சமாகிறது.

ஆங்கில மேடையில் இந்தக் கதைக்கு நெருங்கிய உறவு ஷேக்ஸ்பியர் நாடகங்களைவிட ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதி 1773இல் லண்டனில் அரங்கேறிய ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’. உயர்குடிப் பெண்களின் முன்னால் வாயடைத்துப் போகும் மார்லோவை வெல்ல, செல்வர் மகளான கேட் விடுதிப் பணிப்பெண்ணாக நடிக்கிறாள். இரு நாடகங்களிலும் பெண் தன் தகுதியைக் குறைத்துக் காட்டித்தான் ஆணை நெருங்குகிறாள். ஆனால் கேட் வேடத்தைக் கலைத்ததும் திருமணத்துக்கு வழி பிறக்கிறது. தேவதேவி வேடத்தைக் கலைக்கும்போது ஆணின் வீழ்ச்சிதான் தொடங்குகிறது. கேட்டின் வேடம் வகுப்பு வேறுபாட்டைத் தாண்டுவதற்கு; தேவதேவியின் வேடம் விரதத்தைக் கலைப்பதற்கு.

20ஆம் நூற்றாண்டில் கதையைச் சினிமா எடுத்துக்கொண்டது. 1937இல் வந்த தெலுங்குப் படத்தில் காஞ்சனமாலா தேவதேவியாக நடித்தார். 1954இல் பரணி பிக்சர்ஸ் எடுத்த ‘விப்ரநாராயணா’வை பி.எஸ்.ராமகிருஷ்ணராவ் இயக்கினார், பி.பானுமதியும் அக்கினேனி நாகேஸ்வரராவும் நடித்தனர், இசை எஸ்.ராஜேஸ்வரராவ். இங்கே பழியின் பெரும்பங்கு பேராசைத் தாயிடம் போகிறது. மகளின் பொய்க்காதல் மெய்க்காதலாகக் கனிகிறது. குருபரம்பரையில் கருவியாக வந்து போனவள் கதாநாயகி ஆகிவிட்டாள். ஏட்டிலிருந்து திரைக்கு வந்ததில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவே. கதைக்கு இது லாபம் என்றே சொல்ல வேண்டும். பந்தயத்துக்காக மயக்கியவளைவிடத் தன் வேடத்தில் தானே சிக்கிக்கொண்டவள் நாடகத்துக்கு வலுவான பாத்திரம்.

இத்தனை மாற்றம் செய்தவர்களும் இருவரையும் மணமேடையில் உட்கார வைக்கத் துணியவில்லை. குருபரம்பரையின்படி விப்பிரநாராயணர் கழுவாயாக அடியார்களின் ஸ்ரீபாத தீர்த்தத்தை ஏற்று, அவர்களுடைய அடிப்பொடி என்னும் பெயரையே தமதாக்கிக்கொண்டார். தேவதேவியும் தன் பொருளையெல்லாம் அரங்கனுக்குக் கொடுத்துக் கோயில் தொண்டில் சேர்ந்தாள். ஊரின் மணவாளன் ஒருவனே என்று கொண்ட மரபில் வேறு முடிவுக்கு இடமில்லை. ஆழ்வாரின் திருநட்சத்திரமான மார்கழிக் கேட்டை திருவரங்கத்திலும் திருமண்டங்குடியிலும் இன்றும் கொண்டாடப்படுகிறது.