கீழே விழுவதும் மனம் சோர்வதும்: ஒரு சிறு வரலாறு



வயதானவர் கீழே விழுந்தால் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "எலும்பு ஏதும் முறிஞ்சிடுச்சா?" என்பதுதான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றால் நிம்மதி. அதன்பின் அவர் பேச்சைக் குறைத்து மூலையில் உட்கார்ந்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். விழுந்தது ஒரு கணக்கு, சோர்ந்தது வேறொரு கணக்கு. மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. இரண்டும் ஒரே கணக்கு என்பது தெளிவானது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் ஜோசப் ஷெல்டன் என்ற மருத்துவர், ரேஷன் பதிவேட்டிலிருந்து முதியோர் பெயர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் வீடுகளுக்கே போய் விசாரித்தார். அதுவரை முதுமை பற்றி மருத்துவர்கள் அறிந்ததெல்லாம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களை வைத்துத்தான். 1948-இல் வெளியான அவர் நூல், வீட்டில் வாழும் முதியோரின் தடுமாற்றத்தையும் தனிமையையும் ஒருசேரப் பதிவு செய்தது. 1960-இல் 202 பேருக்கு நேர்ந்த 500 விழுதல்களை அவர் ஆராய்ந்தார். மாடிப்படியின் கடைசிப் படியைக் கவனிக்காமல் விழுவது போன்ற சின்னச் சின்னக் காரணங்களைக்கூட அவர் விடவில்லை.

1982-இல் மர்ஃபி, ஐசக்ஸ் என்ற இருவர் இன்னொன்றைக் கவனித்தார்கள். விழுந்தபின் சில முதியோர் சுவரையும் நாற்காலியையும் பக்கத்தில் நிற்பவரையும் பிடித்துக்கொண்டேதான் நடந்தார்கள். நரம்பிலோ மூட்டிலோ அதற்குத் தக்க கோளாறு இல்லை. காரணம் பயம்! அதற்கு 'விழுந்தபின் வரும் நோய்க்குறி' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் யெசவேஜ் குழுவினர் முதியோரின் மனச்சோர்வை அறிய 30 கேள்விகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. விழப் பயந்தவரும் வீட்டை விட்டு நகர்வதில்லை. மனம் சோர்ந்தவரும் நகர்வதில்லை. இரண்டு பாதையும் ஒரே மூலைக்குத்தான் வருகின்றன.

அதன்பின் நடப்பது ஒரு சுழற்சி. நடக்காததால் கால் தசை தளர்கிறது. ஆட்களைப் பார்க்காததால் மனம் வாடுகிறது. தளர்ந்த காலும் கவனமற்ற மனமும் மறுபடி விழ வைக்கின்றன. சில தூக்க மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூடத் தடுமாற்றத்தைக் கூட்டும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தச் சுழற்சியை உடைக்க முடியுமா? யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி, வீட்டில் வாழும் 70 வயதுக்கு மேற்பட்ட 301 பேரிடம் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மாத்திரைகளைச் சீர்செய்து, உடற்பயிற்சியும் பழக்கங்களில் மாற்றமும் கற்றுத்தந்தார்கள். ஓராண்டில் அவர்களில் 35 சதவீதம் பேர் விழுந்தார்கள். மற்றப் பிரிவில் 47 சதவீதம். விழுதல் தலைவிதி அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் சென்னையிலும் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். ஆக, இது நமக்கும் புதிய செய்தி அல்ல. வீட்டு வாசலைத்தான் இன்னும் தாண்டி வரவில்லை.

விழுந்து எழுந்த அப்பாவிடம், "நீங்க எதுவும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்க" என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லே அவரை மூலையில் உட்கார வைத்துவிடுகிறது. மருத்துவர் நடக்கலாம் என்று சொன்னபின், "வாங்கப்பா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கை கொடுங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி, படிக்கட்டில் ஒரு விளக்கு, மாலையில் பேச ஓர் ஆள். எலும்பை விசாரிக்கும்போது மனத்தையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.