உள்நோயாளி நிலை நிர்ணயம்

மருத்துவமனையை அடைந்த நோயாளியை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்வதா, சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதை, மருத்துவரின் அபிப்பிராயத்தையும் செலவை ஏற்கும் ஸ்தாபனத்தின் விதிகளையும் ஒருங்கே வைத்து ஆராயும் முறை இது. அமெரிக்காவில் இதற்கெனக் ‘கேஸ் மேனேஜர்’ என்னும் உத்தியோகஸ்தர், பெரும்பாலும் அனுபவம் மிக்க செவிலியர், அமர்த்தப்படுகிறார். அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தில் 2013 அக்டோபர் முதல், சிகிச்சை இரண்டு நள்ளிரவுகளைக் கடக்கும் என்று மருத்துவர் எதிர்பார்ப்பதே உள்நோயாளி நிலைக்குப் பொது அளவு. தமிழ்நாட்டில் இப்பணி பலர் கையில் பிரிந்து கிடக்கிறது: தனியார் மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் டெஸ்க் ஊழியர், 2009-இல் தொடங்கி 2012-இல் புத்துருப் பெற்ற அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தொடர்பு அலுவலரும் வார்டு மேலாளரும்.

இராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில், கார்த்திகை ஞாயிறன்று யோக நரசிம்மர் மலையின் 1,305 படிகளை ஏறிய முதியவர் ஒருவர் மார்புவலியோடு இறங்குவதாகக் கொள்வோம். ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் குற்றமற்றிருந்து மறுநாள் காலையிலேயே அவர் வீடு திரும்பினால், தொடர்ச்சியாக 24 மணி நேரமேனும் தங்கியிருக்க வேண்டும் என்பது தனியார் பாலிசிகளின் பொது நிபந்தனையாதலால், பணம் கிடைப்பது துர்லபம். அதற்கு மேலும் தங்கினாலோ, பரிசோதனைக்கென்றே சேர்ந்தவர் என்ற ஆட்சேபம் எழக்கூடும். கண்புரை அறுவை போன்ற பகல்நேரச் சிகிச்சைகளுக்கு மட்டும் அந்த 24 மணி நேர நிபந்தனை இல்லை. நோயின் கடுமையைக் காட்டும் குறிப்பு மருத்துவரின் ஏட்டில் உண்டா என்று பார்த்து, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கி அனுப்புவதே டெஸ்க் ஊழியரின் சாமர்த்தியம். இல்லாத கடுமையை எழுதச் சொல்வது அன்று. சேர்க்கும் அதிகாரம் மருத்துவருக்கே உரியது. இவ்வூழியருக்கோ, ஐயோ பாவம், பெரும்பாலும் மறுப்பைக் கேட்ட உறவினரின் கோபமே மிச்சம். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் வேளையில் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டாளர் விடையளிக்க வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது, நோயாளியும் உறவினரும் விடைக்காகக் காத்திருப்பதைக் குறைக்கக் கருதியே.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குரிய முதலமைச்சர் காப்பீட்டில், தங்கிய மணிக்கணக்கைக் காட்டிலும் பட்டியலில் அச்சிகிச்சை இடம்பெற்றிருப்பதும் முன்அனுமதி பெறுவதுமே பிரதானம்.

இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளருக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு; அங்கே உயர்சிகிச்சைக்காக வெளி மருத்துவமனையில் சேர்வதற்கு, அவசர நேர்வுகள் நீங்கலாக, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதமே வாயில்.