ஏழணா ஸ்பானர்

"வண்டியை வாசலில் காணோமே, வித்துட்டீங்களா சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விற்கவில்லை. மூன்று வாரமாக ஷெட்டில் முன்பக்கம் கழன்று கிடந்தது. நேற்று மாலைதான் மறுபடி ஓடியது. அந்தக் கதையையும் அதற்குள் இருக்கும் கொஞ்சம் சரித்திரத்தையும் சொல்கிறேன்.

என் அம்பாசிடர் 1977-ஆம் வருட மார்க் 3. 1991-இல் பழைய வண்டியாக வாங்கினேன். இன்ஜினின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகியது, செயின் சத்தமும் சேர்ந்துகொண்டது. பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? நானே இறங்கினேன். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், டைனமோ, கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று வரிசையாகக் கழற்றி, போல்ட்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன். ஸ்க்ரூ ஸ்பானரும் முரட்டுப் பலமுமாகக் கழற்றியதில் இரண்டு போல்ட்டுகளின் முனை மழுங்கிவிட்டது. என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பானர்கள் எதுவும் சரியாகப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. அதே 1957-இல் வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. 1959-இல் பொருத்திய 1489 சிசி இன்ஜினும் பிரிட்டிஷ் பிஎம்சி நிறுவனத்தின் வடிவமைப்பு. நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது, இன்ஜினின் போல்ட்டுகளோ அங்குலத்திலேயே நின்றுவிட்டன.

மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, உற்பத்திக்கு லைசென்ஸ். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வாங்குபவனுக்கு அது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இன்ஜின் பல்லாண்டுகள் ஓடியதால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் கைகள் ஊருக்கு ஊர் உருவாயின. 1983-இல் மாருதி வந்தது. 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. கைகள் இன்னும் இருக்கின்றன.

அப்படி ஒரு கைக்காரனுக்குத்தான் போன் செய்தேன். என் பழைய மாணவன், பெயர் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆறாம் வகுப்பு. சமூக அறிவியலோடு கணக்கும் நான் எடுத்த வருடம். 7/16, 1/2, 9/16 இவற்றை ஏறுவரிசையில் எழுதச் சொன்னேன். அவனுக்கு வரவில்லை. முட்டி போட வைத்து, "உனக்கெல்லாம் கணக்கு ஏறாது" என்று வகுப்பே கேட்கச் சொன்னேன். இரண்டு வருடத்தில் படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். வீட்டுக் கஷ்டமும் காரணம். என் வார்த்தைக்கும் அதில் பங்கு உண்டு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, புது செயினும் ஆயில் சீலும் வாங்கிக்கொண்டு வந்தான். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும். இரண்டு பல்சக்கரங்களிலும் ஒரு புள்ளி உண்டு. அவை நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்து, செயினோடு சேர்த்து ஒரே நேரத்தில் தள்ளினான். ஒரு பல் தவறினாலும் வால்வு திறக்கும் நேரம் மாறிவிடுமாம். கவர் போல்ட்டுகளை நான் இறுக்கப் போனேன், தடுத்தான். முதலில் புல்லியை ஏற்றி, சீல் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒழுகும் என்றான்.

பிறகு கையை நீட்டி, "அந்த ஏழணாவை எடுங்க சார்" என்றான். எனக்குப் புரியவில்லை. "7/16 ஸ்பானர் சார். எங்க மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஏழணா, எட்டணா, ஒன்பதணா. எட்டணா அரை ரூபாய்தானே?"

அன்று நான் கரும்பலகையில் எழுதிய அதே மூன்று எண்கள். அணா ஒழிந்த வருடத்தை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். அந்த அணாவைக் கொண்டே பின்னத்தைச் சொல்லித்தர எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத மேஸ்திரிக்குத் தோன்றியிருக்கிறது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி" என்றேன். அவன் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெல்ட்டைப் பிடிங்க சார்" என்றான். கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு டைனமோவை இழுத்து வைத்து இறுக்கினான். ஹேண்டில் போட்டுக் கையால் இரண்டு சுற்று. எங்கும் தட்டவில்லை. பிறகு சாவியைத் திருப்பினோம். கூலி வாங்க மறுத்துவிட்டான், சாப்பிட்டுவிட்டுப் போனான்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்வதற்கு முன், வேறு எந்த வழியில் சொல்லிப் பார்த்தோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இன்று காலை இன்ஜினுக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.