மாரியட்டாவின் 150ஆம் ஆண்டு விழாவும் மூன்றாம் பிரிவும்

1787 ஜூலை 13 அன்று இயற்றப்பட்ட வடமேற்கு ஆட்சிப்பகுதிச் சட்டத்தின்கீழ் எழுந்த முதல் ஊர், ஒகையோ ஆற்றங்கரை மாரியட்டா. அதன் 150ஆம் ஆண்டுக்கென இப்ஸ்விச்சிலிருந்து மாட்டுவண்டியுடன் புறப்பட்ட குழுவினர், முன்னோர் வந்திறங்கிய ஏப்ரல் 7 அன்றே 1938இல் ஊரடைந்தனர். ஜூலையில் போர்க்லம் வடித்த நினைவுச்சின்னத்தை ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார்.

அடிமைமுறையை விலக்கிய ஆறாம் பிரிவு கொண்டாடத்தக்கதே. தப்பியோடியோரை மீட்டுச்செல்லவும் அதுவே இடமளித்தது. தொல்குடியினரின் நிலத்தை அவர்தம் இசைவின்றிக் கொள்ளலாகாது என்ற மூன்றாம் பிரிவோ வண்டிப்பயணம்போல் நடித்துக்காட்டக் கூடியதன்று. காங்கிரஸ் ஒப்பும் நியாயமான போருக்கு அதிலேயே விலக்கு இருந்தது. போரில் தோற்ற அவர்கள், 1795 கிரீன்வில் உடன்படிக்கையால் இன்றைய ஒகையோவின் பெரும்பகுதியை இழந்தனர். குடியேறியோரின் கல்லறைகளோ தொல்குடியினர் எழுப்பிய மண்மேட்டைச் சூழ்ந்தே அமைந்துள்ளன.