நிழலில் இடம்

குரங்குகளுக்குச் சரித்திரம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு, நம்முடைய பழைய ஜமீன் குடும்பங்களைவிட ஒழுங்கான வம்சாவளியே இருக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள் விஞ்ஞானிகளானபடியால் பொய்ப் பெருமையும் கலக்கவில்லை!

1938-ஆம் வருஷம் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கர், நம் தேசத்தில் பிடித்த ரீஸஸ் என்னும் செம்முகக் குரங்குகளைக் கப்பலேற்றிக் கொண்டு போனார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான போர்ட்டோ ரிக்கோவின் கரைக்குச் சற்றுத் தள்ளி, காயோ சான்டியாகோ என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. மொத்தம் 38 ஏக்கர்தான். அங்கே 409 குரங்குகளை இறக்கிவிட்டார். இன்று அங்கே இருப்பவை எல்லாம் அந்தப் பிரயாணிகளின் சந்ததிகளே. 1956 முதல் ஒவ்வொரு குரங்குக்கும் அடையாளம் குத்தி, பிறப்பு இறப்பைக் கணக்கெடுத்து வருகிறார்கள்.

அந்தத் தீவில் தாய்வழி ராஜ்யம் நடக்கிறது. தாயின் அந்தஸ்து மகளுக்கு வரும். அதிலும் கடைக்குட்டிப் பெண்ணுக்கு அக்காமார்களைவிட மேலிடம். ஆண் பிள்ளை வயது வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போக வேண்டியதுதான். யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யாருக்கு யார் பேன் பார்க்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் உறவை ஒட்டியே அமையும்.

வயதானால் இந்தச் சிநேகங்கள் என்ன ஆகின்றன? 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது: பெண் குரங்குகள் மூப்படைய மூப்படைய, பழகும் வட்டத்தைத் தாமே சுருக்கிக் கொள்கின்றன. தோழிகள் செத்துப் போனதாலல்ல. மற்றவர்கள் ஒதுக்கிவிட்டதாலும் அல்ல. உறவினர், வெகுநாளையச் சிநேகிதர் இவர்களோடேயே பொழுதைக் கழிக்கின்றன. என் பாட்டி கடைசிக் காலத்தில் இரண்டே பேரோடுதான் பேசிக் கொண்டிருந்தாள். தள்ளாமை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

2017 செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா என்ற புயல் அடித்தது. குரங்குகளில் பெரும்பாலானவை எப்படியோ பிழைத்துக் கொண்டன. மரம் செடிகளோ நூற்றுக்கு 63 பங்கு போய்விட்டன. உணவை மனிதர்கள் கொண்டு வந்து போட்டார்கள். நிழலை யார் கொண்டு வருவது? நடுப்பகலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் பூமி அது.

இந்த இடத்தில் நாவலாசிரியனான நான் என்ன எழுதியிருப்பேன்? பெரிய வீட்டுக் குரங்குகள் இருக்கிற நிழலை வளைத்துக் கொண்டன, ஏழை பாழைகள் வெயிலில் காய்ந்தன என்று நாலு அத்தியாயம் எழுதியிருப்பேன். நெருக்கடி வந்தால் அவனவன் தன் பந்துக்களை இறுகப் பிடித்துக் கொள்வான் என்பது என் அபிப்பிராயம். விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அதையேதான் எதிர்பார்த்திருந்தார்களாம்.

நடந்ததோ வேறு. குரங்குகள் பழைய சிநேகிதர்களைப் பலப்படுத்திக் கொள்வதற்குப் பதிலாக, புதிய சிநேகிதர்களைத் தேடிக் கொண்டன. சிநேகிதனுக்குச் சிநேகிதன் யாரோ அவனைப் பிடிப்பது சுலபமல்லவா? அந்த வழியில் வட்டம் பெருகிற்று. புயலுக்கு முன் ஒண்டியாகத் திரிந்த பிராணிகளே இதில் அதிகம் முனைந்தன. சண்டை குறைந்தது.

இது வெறும் பரோபகாரம் என்று நான் சொல்ல வரவில்லை. 2024-ல் அந்த விஞ்ஞானிகள் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். புயலுக்கு முன்னால், அடுத்தவரைச் சகித்துக் கொள்ளும் குணத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. புயலுக்குப் பிறகோ, அதிகம் சகித்துக் கொண்ட குரங்குகளுக்குச் சாவின் அபாயம் 42 சதவீதம் குறைவு. முன்பு பயனில்லாமல் கிடந்த ஒரு குணம், மரங்கள் விழுந்ததும் உயிரைக் காக்கும் குணமாகிவிட்டது!

புயல் ஓய்ந்து ஐந்து வருஷமான பிறகும் அவை பழைய சண்டைக்குத் திரும்பவில்லை. மரங்களும் இன்னும் பழையபடி வளர்ந்துவிடவில்லை. பகல் வேளையில், ஒரு பட்ட மரத்தின் மெல்லிய நிழல் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு, உறவும் அயலும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.